கேலிபரேஷன் நினைவூட்டல்: கருவியில் 365 என்று போட்டால் மட்டும் போதுமா?

டிஜிட்டல் மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப், சோர்ஸ் மீட்டர் (மின்சாரம் கொடுத்தபடியே அளக்கும் கருவி), கேலிபரேட்டர் (பிற கருவிகளைச் சோதிக்கத் துல்லியமான மதிப்புகளைத் தரும் கருவி) என்று எதை எடுத்தாலும், புதிய கருவிகள் பலவற்றின் அமைப்புப் பக்கத்தில் கேலிபரேஷன், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுச் சோதிக்கும் வேலை, அதற்கான நினைவூட்டலுக்கு ஓர் இடம் இருக்கிறது. அதில் 365 நாள் என்று போட்டு, சரி என்று அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் அந்த 365 எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறது? கருவிக்குள் இருக்கும் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா? செய்தி திரையில் வரும் நாளில் யார், என்ன செய்யவேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் வைத்த நினைவூட்டல் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஒருவகையில் இல்லாததைவிட மோசம். கருவி சொல்லும் என்று நம்பி எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கேலிபரேட் செய்" என்று திரையில் வரும் செய்தி எல்லாம் ஒன்றல்ல. ஆசிலோஸ்கோப்பில் இருக்கும் சிக்னல் பாத் காம்பன்சேஷன், கருவி தன்னைத்தானே உள்ளே சரிசெய்துகொள்ளும் வேலை. டெக்ட்ரானிக்ஸ் கருவிகளில் குறைந்தது 20 நிமிடம் சூடேற விட்டு, எல்லா உள்ளீடுகளிலிருந்தும் ப்ரோபையும் கேபிளையும் கழற்றிவிட்டு அதை ஓட்டவேண்டும். அறை வெப்பநிலை, மாடலைப் பொறுத்து, 5 அல்லது 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் மாறினால் மறுபடியும் ஓட்டவேண்டும். கேபிளை மாட்டியபடியே ஓட்டினால் ஒன்று தோல்வி என்று வரும், அல்லது அந்தக் கேபிளில் இருந்த மின்னழுத்தத்தையும் சேர்த்து ஆஃப்செட் (பூஜ்யத்தில் உள்ள பிழை) என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது வெளியே தெரியாது.

3458ஏ மல்டிமீட்டரில் ஏகால் என்ற தானியங்கிச் சரிசெய்தல் உண்டு. 24 மணி நேரத்துக்கு ஒருமுறையும், கருவியின் உள்வெப்பநிலை 1 டிகிரி மாறும்போதும் அதை ஓட்டினால்தான் விவரக்குறிப்பில் உள்ள துல்லியத்தை நம்பலாம். ஃப்ளூக் 5520ஏ கேலிபரேட்டருக்கு 7 நாளுக்கு ஒருமுறையும், சுற்றுப்புற வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் மாறினாலும் பூஜ்யச் சரிசெய்தல் தேவை. இவை எல்லாம் நாமே மேசையில் செய்துகொள்ளும் பராமரிப்பு. வெளியிலிருந்து வந்த, தேசிய அளவுத்தரம் வரை தொடர்பு காட்டக்கூடிய ஒரு ஸ்டாண்டர்டுடன் கருவியை ஒப்பிட்டு, அளவீட்டு நிச்சயமின்மை மதிப்போடு சான்றிதழ் வாங்குவதுதான் நாம் கெடு வைக்கும் கேலிபரேஷன். தினமும் ஏகால் ஓட்டுகிறோம் என்பதால் ஆண்டுக் கெடு தள்ளிப்போகாது. அதேபோல, ஆய்வகத்திலிருந்து சான்றிதழ் வந்துவிட்டது என்பதால் காலையில் ஓட்டவேண்டிய ஏகாலைத் தவிர்க்க முடியாது.

அதனால் ஒரே கருவிக்கு இரண்டு நினைவூட்டல்கள் வேண்டும், அவற்றைக் கலக்கக் கூடாது. நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வருவதைக் கருவியே சொல்லட்டும். ஆண்டுக் கெடுவைக் கருவியும் சொல்லட்டும், கருவிக்கு வெளியே ஒரு பட்டியலும் சொல்லட்டும்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது

சான்றிதழில் பொதுவாக இரண்டு தேதிகள் இருக்கும்: அளவெடுத்த நாள், சான்றிதழ் வெளியிட்ட நாள். கருவி நம் கைக்குத் திரும்பி வந்த நாள் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அளவெடுத்த நாளிலிருந்துதான் எண்ணவேண்டும். சான்றிதழ் அச்சாகிக் கையெழுத்தாகும் வரை கருவியின் உள்ளே இருக்கும் மின்னழுத்த ரெஃபரன்ஸ் (அளவுக்கு அடிப்படையான மின்னழுத்தம்) நகராமல் காத்திருப்பதில்லை.

பல கருவிகளில் "நினைவூட்டலை மீட்டமை" என்ற பொத்தான் அன்றைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். 12 நாள் முன்பு அளவெடுத்த கருவி இன்று வந்து சேர்ந்தது, இன்றே மீட்டமைத்து 365 போட்டாயிற்று என்றால், உண்மைக் கெடு தாண்டி 12 நாள் கழித்துத்தான் கருவி வாய் திறக்கும். இதற்கு வழி, கருவி அனுமதித்தால் "கடைசி கேலிபரேஷன் தேதி" என்ற இடத்தில் அளவெடுத்த நாளை நேரடியாகப் பதிவது. அந்த வசதி இல்லாமல் நாள் எண்ணிக்கை மட்டும் கேட்கும் கருவி என்றால், 365க்குப் பதிலாக 353 என்று போடுங்கள்.

தேதியைப் பதியும்போது வடிவத்தைப் பாருங்கள். 04/07/2026 என்பது ஒரு கருவிக்கு ஜூலை 4, இன்னொன்றுக்கு ஏப்ரல் 7. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-07-04 என்று எழுதும் வசதி இருந்தால் அதையே எல்லாக் கருவியிலும் வையுங்கள், ஸ்டிக்கரிலும் அதே வடிவம் இருக்கட்டும். 365 நாள் என்பதும் ஓர் ஆண்டு என்பதும் எப்போதும் ஒன்றாக வராது என்பதையும் கவனிக்கவேண்டும். 2027-03-10 அன்று அளவெடுத்த கருவிக்கு 365 நாள் கூட்டினால் 2028-03-09 வரும், நடுவில் பிப்ரவரி 29 இருப்பதால். ஒரு நாள் வித்தியாசத்தால் அளவீடு கெட்டுப்போகாது. ஆனால் ஸ்டிக்கர் ஒரு தேதியும் திரை ஒரு தேதியும் காட்டினால் தணிக்கையில் கேள்வி வரும், பதில் சொல்ல அரை நாள் போகும். நாளா, ஆண்டா, மாதக் கடைசியா என்பதை உங்கள் செயல்முறை ஆவணத்தில் ஒரே வரியில் எழுதி, எல்லாவற்றிலும் அதையே பின்பற்றுங்கள்.

சான்றிதழில் அடுத்த கெடு தேதி இல்லையே என்று ஆய்வகத்தைக் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017 தரநிலையின் 7.8.4.3 பிரிவின்படி, வாடிக்கையாளருடன் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, கேலிபரேஷன் சான்றிதழிலோ லேபிளிலோ இடைவெளி பற்றிய பரிந்துரை இருக்கக் கூடாது. கெடுவைத் தீர்மானிப்பது கருவியின் உரிமையாளர் பொறுப்பு. ஸ்டிக்கரில் தேதி வேண்டுமென்றால் வேலையை ஒப்படைக்கும் ஆர்டரிலேயே இடைவெளியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள்.

ஓர் ஆண்டு என்பது எங்கிருந்து வந்தது

கெடு தேதி என்பது ஏதோ காகிதச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு 34401ஏ மல்டிமீட்டரின் விவரக்குறிப்பு நல்ல பாடம். அதன் 10 வோல்ட் டிசி வரம்புக்கு மூன்று நெடுவரிசைகள் இருக்கின்றன. கேலிபரேட் செய்து 24 மணி நேரம் வரை இருக்கக்கூடிய பிழை, அளந்த மதிப்பில் 0.0015%, அதோடு வரம்பில் 0.0004%. 90 நாளுக்கு 0.0020%, 0.0005%. ஓர் ஆண்டுக்கு 0.0035%, 0.0005%. சரியாக 10 வோல்ட் அளக்கும்போது இவை முறையே 190, 250, 400 மைக்ரோவோல்ட் ஆகின்றன. அதாவது இடைவெளியை 90 நாளிலிருந்து ஓர் ஆண்டாக்கினால், அதே கருவியின் மீது நாம் வைக்கக்கூடிய நம்பிக்கை 250லிருந்து 400 மைக்ரோவோல்ட்டாகத் தளர்கிறது. நினைவூட்டலில் எந்த எண்ணைப் போடுகிறீர்களோ, நிச்சயமின்மைக் கணக்கிலும் அதே நெடுவரிசையைத்தான் எடுக்கவேண்டும். நினைவூட்டல் 365ஆகவும் கணக்குத்தாளில் 90 நாள் எண்ணாகவும் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கருவியில் குறையே இருக்காது, ஆனால் அறிக்கை பொய்யாகிவிடும்.

கெடு தாண்டினால் என்ன ஆகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். 366ஆம் நாள் கருவி திடீரென்று கெட்டுவிடாது. ஆனால் அந்த நாளுக்கு எந்த நெடுவரிசையும் இல்லை. 400 மைக்ரோவோல்ட் என்று சொல்ல உற்பத்தியாளர் துணை நிற்பதில்லை, நம்மிடமும் ஆதாரம் இல்லை.

கடிகாரம்

கருவியின் உள்கடிகாரம் பெரும்பாலும் ஒரு சிறிய லித்தியம் நாணய மின்கலத்தில் ஓடுகிறது. பல கருவிகளில் அது 3 வோல்ட் சிஆர்2032. அது தீர்ந்துபோனால், மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி போடும்போதெல்லாம் தேதி 1970க்கோ 2000க்கோ போய்விடும். அப்போது கெடு இன்னும் பல ஆண்டு தள்ளி இருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும், நினைவூட்டல் வரவே வராது. சோதிப்பது எளிது. தேதியைச் சரியாக வைத்து, முன்பக்கப் பொத்தானை மட்டும் அணைக்காமல் சுவர் இணைப்பையே பிடுங்கி ஓர் இரவு விட்டு, காலையில் தேதியைப் பாருங்கள். முன்பக்கப் பொத்தான் பல கருவிகளில் காத்திருப்பு நிலைக்குத்தான் கொண்டுபோகும், உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் அதை மட்டும் அணைத்துச் சோதித்தால் மின்கலம் செத்தது தெரியாது.

நெட்வொர்க் நேரத்தோடு ஒத்திசைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் ஆய்வக நெட்வொர்க் வெளியுலகத் தொடர்பில்லாமல் அடைக்கப்பட்டிருந்தால் ஒத்திசைவு எந்தச் சத்தமுமின்றித் தோற்றுப்போகும். உள் நேர சர்வரின் முகவரியைக் கொடுத்து, ஒத்திசைவு உண்மையில் நடந்ததா என்று நிலைப் பக்கத்தில் பார்க்கவேண்டும்.

கடிகாரத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு மின்கலம் உண்டு. 3458ஏ கருவியில் கேலிபரேஷன் மாறிலிகள் (அளவைத் திருத்தும் எண்கள்) மின்கலம் உள்ளடங்கிய நினைவகச் சில்லில் இருக்கின்றன. அந்த மின்கலம் தீர்ந்தால் மாறிலிகள் மொத்தமும் அழிந்துபோகும், கருவியை முழுக்க மறுபடி கேலிபரேட் செய்தே ஆகவேண்டும். இப்படிப்பட்ட பழைய கருவி வைத்திருந்தால், சில்லின் மேல் அச்சிட்ட தேதியைக் குறித்துக்கொண்டு, மாற்றுவதற்குத் தனியாக ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதை ஆண்டுக் கேலிபரேஷனுக்கு அனுப்பும் நேரத்தோடு பொருத்தினால் இரண்டு செலவு ஒன்றாகும்.

தேதியை வைத்துக்கொள்ளும், ஆனால் பேசாது

கருவியில் கெடு தேதி பதியும் வசதி இருக்கிறது என்பதற்காக அது எச்சரிக்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கீத்லி 2400 போன்ற சோர்ஸ் மீட்டர்கள் கேலிபரேஷன் தேதியையும் அடுத்த கெடுவையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. முன்பக்க கேலிபரேஷன் மெனுவில் போய்ப் பார்த்தால் காட்டும். நாம் போய்ப் பார்க்கவேண்டும், அதுவாக வந்து சொல்லாது. 34401ஏ கருவியில் தேதிக்கென்று இடமே இல்லை. ஒரு சிறிய குறிப்பு எழுதிவைக்கும் இடம் இருக்கிறது, அதில் தேதியைச் சுருக்கி எழுதிவைப்பது வழக்கம்.

கீத்லி 2600 வரிசையில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியே தேதியும் கெடுவும் உண்டு. ஏ சேனலில் மாற்றிவிட்டு பி சேனலை மறந்தால் பாதிக் கருவி போன ஆண்டிலேயே நின்றுவிடும். தேதி 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகளாகச் சேமிக்கப்படுவதால், நேர மண்டல வித்தியாசத்தில் ஒரு நாள் முன்பின்னாகத் தெரிய வாய்ப்புண்டு. நண்பகல் நேரத்தைக் கொடுத்துப் பதிந்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை வராது. கெடுவை எழுத கேலிபரேஷன் பூட்டைத் திறக்கவேண்டும், எழுதியபின் சேமிக்கும் கட்டளையைக் கொடுக்கவேண்டும், அதன் பிறகுதான் பூட்டவேண்டும். சேமிக்காமல் விட்டுவிட்டால் அடுத்த முறை கருவியை அணைத்துப் போடும்போது பழைய தேதியே திரும்பி நிற்கும்.

இந்தப் பூட்டுத் திறப்பில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. தேதி ஒன்றை எழுதுவதற்காக மட்டும் கேலிபரேஷன் நினைவகத்தைத் திறக்காதீர்கள். திறந்திருக்கும் நேரத்தில் தவறான ஒரு கட்டளை போனால் மாறிலிகள் மாறிவிடும், அதோடு கையிலிருக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். ஆய்வகம் எப்படியும் அந்தப் பூட்டைத் திறக்கப்போகிறது என்றால், அவர்களிடமே கெடுவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பயனர் அமைப்புகளில் தனியாக நினைவூட்டல் வைக்கும் கருவிகளில் இந்தப் பயம் இல்லை. கூடவே, உற்பத்தியாளர் வைத்த கடவுச்சொல் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை மாற்றி, மாற்றியதை ஆய்வகத்துக்கும் தெரிவிக்கும் வழியை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பூட்டிய கருவி அட்ஜஸ்ட் செய்யப்படாமலே (பிழை திருத்தப்படாமலே) திரும்பி வரும்.

பல கருவிகளில் கேலிபரேஷன் எண்ணிக்கை என்று ஒரு எண் உள்ளே ஓடும், அதை நாம் குறைக்க முடியாது. இது அருமையான காவலாள். 34401ஏ கருவியில் ஒவ்வொரு புள்ளியைச் சரிசெய்யும்போதும் அது ஒன்று கூடும், ஆகவே முழு அட்ஜஸ்ட்மென்ட்டுக்குப் பிறகு பல எண்கள் ஏறியிருக்கும். கருவி ஆய்வகத்துக்குப் போகும் முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். "அட்ஜஸ்ட் செய்யவில்லை" என்று சான்றிதழ் சொல்லி, எண்ணிக்கை ஏறியிருந்தால் கேட்கவேண்டும். இடையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் ஏறியிருந்தால் உங்கள் மேசையிலேயே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும்

பல கருவிகளில் முன்னறிவிப்பு 30 நாள் என்று ஏற்கனவே போட்டிருக்கும். உங்களுக்கு அது போதுமா என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்லமுடியும். கருவியை விடுவித்து, பொதிந்து, ஆவணங்கள் எழுத 4 நாள். போக 3 நாள். ஆய்வகம் 10 பணி நாள் என்று சொன்னால் நாள்காட்டியில் 14. திரும்பிவர 3. வந்தபின் சரிபார்க்க 1. ஆக 25. இதில் ஆய்வகத்தில் வரிசை நீண்டாலோ, கருவி தேறாமல் அட்ஜஸ்ட் செய்யவேண்டி வந்தாலோ சமாளிக்க 10 நாள் சேர்த்தால் 35. அதுதான் அந்தக் கருவியின் முன்னறிவிப்பு. பழுது பார்க்கவேண்டி வந்தால் இதுவும் போதாது, ஆனால் அதற்காக எல்லாக் கருவிக்கும் 90 நாள் வைத்தால் செய்தியைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகி, கடைசியில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 35 நாள் முன்பு அனுப்பத் தொடங்கினால் அளவெடுப்பது ஏறக்குறைய கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே நடந்துவிடும். அடுத்த ஆண்டு அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறோம். எனவே பெயருக்கு 365 நாள் என்றாலும் உண்மையான சுழற்சி சுமார் 351 நாள். ஆண்டுச் செலவுத் திட்டத்தைப் போடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள் இருந்தால் அவற்றின் கெடுவை ஐந்தாறு மாத இடைவெளியில் பிரித்து வையுங்கள். ஒன்று வெளியே போகும்போது மற்றது கையில் இருக்கும். அதைவிடப் பெரிய நன்மை, புதிதாக வந்ததை வைத்துப் பழையதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் அனுப்பினால் அந்த வாய்ப்பே இல்லை.

இடைவெளியை நீட்டுவதா, குறைப்பதா

முதல் சுற்றில் உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியோடு தொடங்குவது சரி. பிறகு தரவு பேசவேண்டும். இதற்கு ஐலாக், ஓஐஎம்எல் என்ற இரு சர்வதேச அமைப்புகள் சேர்ந்து ஐலாக்-ஜி24, ஓஐஎம்எல் டி10 என்ற எண்களில் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. அதில் படிக்கட்டு முறை என்று ஒன்று: வந்த நிலையில், அதாவது அட்ஜஸ்ட் செய்யும் முன், அளந்த பிழை, அனுமதித்த பிழையில் உதாரணமாக 80 சதவீதத்துக்குள் இருந்தால் இடைவெளியை நீட்டலாம், வெளியே போனால் குறைக்கவேண்டும். இதைச் செய்ய ஆய்வகத்திடம் "வந்த நிலை", "விட்ட நிலை" ஆகிய இரண்டு அளவுகளையும் கேட்டு வாங்கவேண்டும். அட்ஜஸ்ட் செய்தபின் எடுத்த அளவு மட்டும் இருந்தால் கருவி போன ஆண்டு எப்படி இருந்தது என்பது என்றைக்கும் தெரியாது.

ஆனால் 80 சதவீதக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டாம். 10 வோல்ட்டில் ஒரு கருவி முதல் ஆண்டு +120, இரண்டாம் ஆண்டு +210, மூன்றாம் ஆண்டு +310 மைக்ரோவோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லை 400. மூன்றாம் ஆண்டின் 310 என்பது எல்லையில் 77.5 சதவீதம், விதிப்படி நீட்டலாம். வரைந்து பார்த்தால் ஆண்டுக்கு 90, 100 என்று ஒரே திசையில் ஏறிக்கொண்டிருப்பது தெரியும். நான்காம் ஆண்டு அது 400ஐத் தொடும் அல்லது தாண்டும். இந்தக் கருவிக்கு நீட்டிப்பு கொடுக்கக் கூடாது, இப்போதே அட்ஜஸ்ட் செய்யச் சொல்லவேண்டும். அதே 310ஐ +290, +320, +310 என்ற வரிசையில் பார்த்தால் அது நிலையாக நிற்கும் கருவி, பயப்படத் தேவையில்லை. கடைசி எண் ஒன்றாக இருந்தாலும் முடிவு நேர்மாறு. நினைவூட்டலில் எண்ணை மாற்றும் முன் குறைந்தது மூன்று சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாள் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கீசைட் ஆசிலோஸ்கோப்புகளில் பயனர் கேலிபரேஷனுக்கு (பயனரே ஓட்டும் உள் சரிசெய்தலுக்கு) மாடலைப் பொறுத்து 12 மாதம் அல்லது 2000 மணி நேரம், இரண்டு ஆண்டு அல்லது 4000 மணி நேரம் என்று இருவிதமாகக் கணக்கு சொல்லியிருக்கிறார்கள். இரவு பகலாக ஓடும் சோதனை மேசையில் 2000 மணி நேரம் 84 நாளில் முடிந்துவிடும். பல இணைப்புகளை மாறிமாறி அளக்கும் 34970ஏ போன்ற ஸ்கேனரில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒவ்வொன்றும் எத்தனை முறை திறந்து மூடியது என்ற எண்ணைக் கருவியிடமே கேட்டு வாங்கலாம். தேய்ந்த ரிலேயின் தொடுமுனைத் தடை இரண்டு-கம்பித் தடை அளவீட்டில் நேரடியாகச் சேர்ந்துகொள்ளும். அங்கே நாள்காட்டியைவிட அந்த எண்தான் உண்மையான கெடு.

செய்தி வந்தபின்

திரையில் செய்தி வருகிறது, அவசரத்தில் இருப்பவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்துகிறார், செய்தி போய்விடுகிறது. அன்றோடு முடிந்தது. செய்தியைக் கலைப்பதற்கும் நினைவூட்டலை மீட்டமைப்பதற்கும் வேறுபாடு தெரியாத கருவிகளில் அடுத்த ஆண்டுதான் மீண்டும் வரும். மீட்டமைக்கும் உரிமையை நிர்வாகிக் கடவுச்சொல்லுக்குள் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் வெளிப்பட்டியலே ஆதாரம், கருவி வெறும் துணை.

தானியங்கிச் சோதனை அமைப்புகளில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. சோதனை நிரல் தொடங்கும்போதே இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியின் மாடலையும் சீரியல் எண்ணையும் கேட்டு, பட்டியலில் உள்ள கெடுவோடு ஒப்பிட்டு, தாண்டியிருந்தால் ஓட மறுக்கவேண்டும். ஒப்பிடுவதற்கு கருவியின் கடிகாரத்தை எடுக்காமல் சர்வர் நேரத்தை எடுங்கள். சீரியல் எண்ணைக் கேட்பது முக்கியம், ஏனென்றால் பழுதான கருவியைக் கழற்றிப் பக்கத்து மேசையிலிருந்து அதே மாடலை எடுத்து மாட்டிவிடுவது சாதாரணம். இந்தத் தடை ஒரு தொகுதி தொடங்கும் முன் மட்டும் வரட்டும். நடுவில் நள்ளிரவு தாண்டியது என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை நிறுத்தினால், அளவீட்டைக் காக்கப் போட்ட விதி பொருளையே கெடுத்துவிடும்.

ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) புதுப்பித்தபின், தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியபின், நினைவூட்டல் அமைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். சில கருவிகளில் அது அழிந்து, நினைவூட்டலே இல்லாத நிலைக்குப் போய்விடும்.

ஆய்வகத்திலிருந்து திரும்பி வந்த கருவியை நேராக மேசையில் வைத்து வேலையைத் தொடங்கக் கூடாது. சான்றிதழின் சீரியல் எண் கருவியோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் சூடேறவிட்டு, முனைகளை ஷார்ட் செய்து பூஜ்யத்தையும், கையிலுள்ள 10 வோல்ட் ரெஃபரன்ஸையும், ஒரு 10 கிலோ ஓம் தடையையும் அளந்து குறித்துவையுங்கள். அடுத்த பன்னிரண்டு மாதமும் வாரம் ஒருமுறை இதே மூன்றையும் அளந்தால், கருவி நகரத் தொடங்கியதை ஆண்டுக் கெடு வரும் முன்பே பிடித்துவிடலாம். அதன் பிறகுதான் நினைவூட்டலைப் பதிந்து, அணைத்துப் போட்டு, நிலைத்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்டிக்கரை ஒட்டவேண்டும்.

கீழே விழுந்த கருவி, அதிக மின்னழுத்தம் வாங்கிய உள்ளீடு, திறந்து பழுதுபார்த்த பலகை, இவற்றை எந்தத் தேதியும் அறியாது. இப்படி நேர்ந்த அன்றே கெடு முடிந்ததாகக் கொள்ளவேண்டும், ஸ்டிக்கரில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும். அலமாரியில் தூங்கும் கருவிக்கு நேர்மாறான ஏற்பாடு. "பயன்பாட்டுக்கு முன் கேலிபரேட் செய்யவும்" என்று அட்டை கட்டி, பட்டியலில் நினைவூட்டலை நிறுத்திவைக்கலாம். யாரும் தொடாத கருவிக்கு ஆண்டுதோறும் செலவழிக்கவேண்டியதில்லை. ஆனால் அட்டை கட்டாமல் நினைவூட்டலை மட்டும் நிறுத்தினால், அவசரத்தில் எடுப்பவருக்கு அது நல்ல கருவியாகத்தான் தெரியும்.

கருவியோடு சேர்த்து மாட்டும், திரையில்லாத துணைப்பொருட்கள்தான் பெரும்பாலும் விடுபடுகின்றன. கரன்ட் கிளாம்ப், உயர் மின்னழுத்த ப்ரோப், ஷன்ட், அட்டென்யுவேட்டர், தெர்மோகப்பிள். மல்டிமீட்டர் கெடுவுக்குள் இருக்கும், அதில் மாட்டிய கிளாம்ப் மூன்று ஆண்டாக யாரும் பார்க்காததாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வரி, தனி கெடு. மீட்டரோடு சேர்த்தே கேலிபரேட் செய்த கிளாம்ப் என்றால் அந்த இணையின் எண்களை இரண்டிலும் எழுதுங்கள், பிரிக்கக் கூடாது. கைக்கருவிகளில் ஸ்டிக்கரை மின்கல மூடியிலோ ரப்பர் உறையிலோ ஒட்டாதீர்கள். உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டும்போது ஒன்றின் உறை இன்னொன்றுக்குப் போய்விடும், கெடு முடிந்த மீட்டர் அடுத்த ஆண்டின் தேதியை அணிந்துகொண்டு நிற்கும். உடலின் பின்புறம், சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில், எண்ணை மறைக்காமல் ஒட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கருவி கெடு தாண்டிப் பயன்பட்டுவிட்டது என்றால், முதலில் அதை ஓரமாக வைத்து அட்டை கட்டுங்கள். அட்ஜஸ்ட் செய்யும் முன் வந்த நிலை அளவுகளை எடுக்கச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்த அளவுகள் எல்லைக்குள் இருந்தால், தாண்டிய நாட்களில் எடுத்த அளவீடுகளை அந்த ஆதாரத்தோடு ஏற்றுக்கொண்டு, முடிவை எழுதிவைக்கலாம். எல்லைக்கு வெளியே இருந்தால் தாண்டிய நாட்களை மட்டும் பார்த்தால் போதாது. கருவி எப்போது எல்லையைக் கடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே கடைசியாக நல்லது என்று நிரூபிக்கப்பட்ட நாள் வரை பின்னோக்கிப் போகவேண்டும். வாரந்தோறும் ரெஃபரன்ஸை அளந்த குறிப்பு இருந்தால் அந்த நாள் சில வாரங்களுக்கு முன்பாக இருக்கும். இல்லாவிட்டால் போன ஆண்டின் சான்றிதழ் தேதி வரை போய், அந்தக் கருவி தொட்ட ஒவ்வொரு அறிக்கையையும் எடுத்துப் பார்க்கவேண்டும்.